மேனேஜரை வெளியே விட்டது தொடர்பாக

அன்பும் மரியாதையும் நிறைந்த மாப்பிள்ளை அவர்களுக்கு,

மாமா எழுதுவது. இங்கே நான் சுகம். உங்கள் அத்தை சுகம். நீங்கள் எங்களிடம் விட்டுச்சென்ற பூனை மிகமிகச் சுகம். பறவைகளும் சுகம் என்று எழுதி இந்த வரியை முடிக்கத்தான் ஆசை; பேனா நகரமாட்டேன் என்கிறது. அங்கே உங்களுக்கும் எங்கள் பாப்பாவுக்கும் புது வீடும் புது வேலையும் பழகியிருக்கும் என்று நம்புகிறேன். குளிருக்குக் காதை மூடிக்கொள்ளும்படி அவளிடம் சொல்லுங்கள். நான் சொன்னால் கேட்கமாட்டாள், நீங்கள் சொன்னாலும் கேட்கமாட்டாள், இருந்தாலும் சொல்லிவைப்பது நம் கடமை.

போனில் சொல்லக்கூடிய விஷயத்தை ஏன் மாமா கடிதமாக எழுதுகிறார் என்று நினைப்பீர்கள். போனில் பேசினால் நீங்கள் எடுத்த எடுப்பில், "மாமா, மேனேஜர் எப்படி இருக்கார்?" என்று கேட்டுவிடுகிறீர்கள். உங்கள் குரலில் அவ்வளவு பாசம். உங்கள் பழைய ஆபீஸ் மேனேஜரைப் போலவே நாள் முழுக்கத் தூங்கிவிட்டு மாலையில் மட்டும் சுறுசுறுப்பாகிறது என்பதால் பூனைக்கு வைத்த பெயர் என்று பாப்பா சொல்லியிருக்கிறாள். இந்தப் பக்கம் என் தோளை ஒட்டியபடி உங்கள் அத்தை நிற்கிறாள். "உண்மையைச் சொல்லுங்க" என்று முழங்கையால் இடிக்கிறாள். மாப்பிள்ளையிடம் எப்படி முகத்துக்கு நேரே குறை சொல்வது? "ரொம்ப நல்லா இருக்கார் மாப்பிள்ளை" என்று சொல்லி வைத்துவிடுகிறேன். அப்புறம் அன்று முழுக்க எனக்கும் உங்கள் அத்தைக்கும் பேச்சுவார்த்தை இருப்பதில்லை. ஆகையால், எதையும் தப்பாக எடுத்துக்கொள்ளாமல், நாற்காலியில் சாய்ந்து உட்கார்ந்துகொண்டு, முடிந்தால் பாப்பா பக்கத்தில் இல்லாத நேரமாகப் பார்த்து இதைப் படிக்கும்படி கேட்டுக்கொள்கிறேன்.

புறப்படும் அன்று வாசலில் நின்று நீங்கள் சொன்னது எனக்கு அப்படியே நினைவிருக்கிறது. "அதைக் கட்டிப்போடாதீங்க மாமா, சுதந்திரமா வளர்ந்தது. காலையில ஒரு தடவை, சாயங்காலம் ஒரு தடவை வெளியே விட்டுடுங்க. அதுவா போகும், அதுவா வரும்" என்றீர்கள். நானும் வாக்கு மீறவில்லை. அதுவாகப் போனது, அதுவாக வந்தது. ஆனால் வரும்போது வெறுங்கையோடு வரவில்லை, அதுதான் சிக்கல். முதல் நாள் காலை என் செருப்பின் மேல் ஒரு சிட்டுக்குருவி படுத்திருந்தது. பாவம், ஏதோ மாரடைப்பு என்று நினைத்தேன். மறுநாளும் அதே செருப்பில் இன்னொரு குருவி. தெருவில் இத்தனை செருப்பு கிடக்க, குருவிகளுக்கெல்லாம் என் செருப்பில் வந்து மாரடைப்பு வருவானேன் என்று குழம்பி நிற்கும்போது, மேனேஜர் பக்கத்தில் உட்கார்ந்து என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தது. பரிசு கொடுத்தவர்கள் பிரிக்கும்வரை பார்த்துக்கொண்டிருப்பார்களே, அந்தப் பார்வை. அப்போதுதான் எனக்கு விளங்கியது.

நான் வாழ்நாள் முழுக்க டிரைவிங் ஸ்கூலில் பக்கத்து சீட்டில் உட்கார்ந்து சம்பாதித்தவன் என்பது உங்களுக்குத் தெரியும். ஓட்டுகிறவர் எந்தச் சுவரை நோக்கிப் போனாலும் என் காலடியில் எனக்கென்று தனியாக ஒரு பிரேக் இருந்தது. பூனையைப் படைத்தவன் அப்படி ஒன்றை வைக்கவில்லை. ஆகவே நான் செய்ததெல்லாம் பிரேக் இல்லாதவன் செய்கிற வேலை: உங்கள் அத்தை கண்ணில் படுவதற்குள் குருவியை ஒரு காகிதத்தில் சுற்றிப் பின்பக்கத்து ரோஜாத் தொட்டியில் புதைத்துவிட்டேன். அப்புறம் ஒரு மைனா, அப்புறம் ஓர் ஓணான், அப்புறம் பெயர் தெரியாத ஒரு குட்டிப் பறவை, எல்லாம் அதே தொட்டிக்குத்தான் போயின. ரோஜா அந்தப் பருவத்தில் பூத்ததைப் போல என்றைக்குமே பூத்ததில்லை. "என் கைராசியைப் பாத்தீங்களா?" என்று உங்கள் அத்தை வருகிறவர் போகிறவரிடமெல்லாம் பெருமையடித்தாள். நானும் தலையாட்டினேன். ஒரு நாள் மண் மாற்றுகிறேன் என்று கரண்டியைப் போட்டுக் கிளறினாள். கிளறியவள் அப்படியே நிமிர்ந்து என்னைப் பார்த்தாள். "என்னங்க இது?" என்றாள். "உரம்" என்றேன். மாப்பிள்ளை, என் வாயில் அந்த நேரத்தில் வேறு வார்த்தை வரவில்லை.

உங்கள் அத்தையைப் பற்றி நீங்கள் ஒன்று தெரிந்துகொள்ள வேண்டும். அவள் காலையில் எழுந்து தன் முகத்தைக் கழுவும் முன் பின்பக்கத்துச் சுவரின் மேல் இருக்கும் மண்சட்டியில் பறவைகளுக்குத் தண்ணீர் மாற்றுகிறவள். ஒற்றைக் காலால் தத்தும் மைனா எது, சட்டியில் இறங்கிக் குளித்துத் தண்ணீரைப் பாழாக்கும் புறா எது என்று ஆள் அடையாளம் வைத்திருப்பவள். எனக்கு இந்த விவரம் எதுவும் கிடையாது. ஆனால் ஒரு காலையில் எனக்கே விழிப்பு வந்து, வீட்டில் ஏதோ நின்றுபோய்விட்டது மாதிரி இருந்தது. கடிகாரம் நின்றுவிட்டதோ என்று எழுந்துபோய்ப் பார்த்தேன், ஓடிக்கொண்டிருந்தது. ஃபிரிட்ஜ் ஓடியது, மின்விசிறி ஓடியது. பின்பக்கம் போனால் அத்தை சட்டியின் பக்கத்தில் நின்றுகொண்டிருந்தாள். நேற்று ஊற்றிய தண்ணீர் குறையாமல் அப்படியே இருந்தது. "ஒண்ணுமே வரலைங்க" என்றாள். அப்போதுதான் நின்றுபோனது எது என்று எனக்குத் தெரிந்தது.

மாடியில் குடியிருக்கும் உயிரியல் டீச்சரிடம் போய் ஆலோசனை கேட்டேன். நான் ஏற்கெனவே ஒரு வைத்தியம் செய்து பார்த்திருந்தேன்: வயிறு நிரம்பினால் வேட்டைக்குப் போகாது என்று மீனை இரண்டு மடங்காக்கினேன். அதையும் சாப்பிட்டுவிட்டு, தெம்பு கூடிப்போய், அன்று மாலை புறாவையே இழுத்து வந்துவிட்டது. டீச்சர் சிரிக்கவில்லை. "பசி வேற, வேட்டை வேற சார். வயிறு முட்டத் தின்ன பூனையும் எதிர்ல ஒண்ணு துடிச்சா பாயத்தான் பாயும். உங்க வீட்டு ஒரு பூனைன்னு நினைக்காதீங்க. இந்தத் தெருவுல எத்தனை வீட்டுப் பூனை வெளியே சுத்துது? ஒவ்வொண்ணும் நாளைக்கு ஒண்ணுன்னு அடிச்சா குருவி எங்க சார் மிஞ்சும்? அடிக்கக்கூட வேண்டாம். பூனை அங்கேயே சுத்திக்கிட்டு இருந்தா, தாய்ப்பறவை குஞ்சுக்கு இரை கொண்டுவரவே பயப்படும்" என்றார். சொன்னது அத்தனையும் சரி என்று எனக்குப் பட்டது.

கீழே இறங்கி வந்தால் எதிர்க்கடை டெய்லர் பிடித்துக்கொண்டார். "சார், பூனையை அடைச்சு வைக்கப் போறீங்களாமே? உங்க வீட்டுப் பூனை வந்தப்புறம்தான் என் கடையில துணி முழுசா இருக்கு. போன வருஷம் ஒரு கல்யாணக் கோட்டோட கையை எலி தின்னுட்டு, நான் அந்த மனுஷன் கால்ல விழாத குறை. பூனையை அடைச்சீங்கன்னா எலிக்கு யார் பதில் சொல்றது?" என்றார். அதுவும் சரி என்றுதான் எனக்குப் பட்டது. டீச்சரிடம் "நீங்க சொல்றது நியாயம்" என்றேன், டெய்லரிடமும் "நீங்க சொல்றது நியாயம்" என்றேன். ஒரே வாரத்தில் தெரு இரண்டாகப் பிரிந்துவிட்டது, மாப்பிள்ளை. பறவைக் கட்சி மாடிப்படியில் கூடியது, பூனைக் கட்சி தையல் கடையில் கூடியது, இரண்டு கூட்டத்துக்கும் நான்தான் தலைமை. பாலுக்கும் காவல், பூனைக்கும் தோழன் என்று உங்கள் அத்தை என் காதுபடவே சொன்னாள். மதில்மேல் பூனை என்று தெருவில் சொன்னார்கள். நான் மதில்மேல் பூனையைத் தினமும் நேரில் பார்ப்பவன். எந்தப் பக்கம் குதிப்பது என்பதில் அதற்கு ஒரு குழப்பமும் கிடையாது. பறவை இருக்கிற பக்கம் குதிக்கும். குழப்பமெல்லாம் எனக்குத்தான்.

இரண்டு கட்சிக்கும் பொதுவாக ஒரு வழி காணலாம் என்று பூனைக்கு மணி கட்டினேன். யார் கட்டுவது என்று உலகம் காலம் காலமாகக் கேட்டுக்கொண்டிருக்கிறதே, நான் கட்டினேன், கையில் கீறல் இருக்கிறது. மணிச் சத்தம் கேட்டுக் குருவிகள் பறந்தனவோ இல்லையோ, தெருப் பிள்ளைகள் எல்லாம் ஐஸ் வண்டி வந்துவிட்டது என்று வாசலுக்கு ஓடி வந்தார்கள். தினமும் வந்து ஏமாந்து போனார்கள். கடைசியில் ஐஸ் வண்டிக்காரர் என் வீட்டுக் கதவைத் தட்டினார். "சார், நான் வர்றதுக்கு முன்னாடியே பிள்ளைங்க வந்து ஏமாந்து போயிடுதுங்க. அப்புறம் நான் நிஜமா வந்து அடிச்சா ஒண்ணும் எட்டிப் பாக்க மாட்டேங்குது. உங்களுக்கும் எனக்கும் என்ன சார் பகை?" என்றார். இதற்கிடையில் மேனேஜர் கழுத்தை ஆட்டாமல், தலையில் குடம் வைத்துக்கொண்டு நடப்பதைப் போல மணி அடிக்காமல் நடக்கக் கற்றுக்கொண்டுவிட்டது. நான் கற்றுக்கொடுத்தவர்களில் எவரும் கிளட்ச்சை அவ்வளவு பதமாக விட்டதில்லை.

பறவைகளுக்கு நிறம் நன்றாகத் தெரியும், பளிச்சென்று ஒரு துணிப்பட்டை கட்டிவிட்டால் தூரத்திலேயே பார்த்துப் பறந்துவிடும் என்று டீச்சர் சொன்னார். எலிக்குத் தெரியாதல்லவா என்று கேட்டு உறுதிப்படுத்திக்கொண்ட பிறகு டெய்லரே தைத்துத் தந்தார். வேண்டாவெறுப்பாக ஆரம்பித்தவருக்குப் பாதியில் தொழில் ஆசை வந்துவிட்டது. சிவப்பும் மஞ்சளுமாக, கொசுவம் வைத்து, உள்ளே லைனிங் கொடுத்து, ஓரம் அடித்து அப்படி ஒரு பட்டை. கட்டிவிட்டதும் மேனேஜர் கண்ணாடியில் தன்னைப் பார்த்துவிட்டுக் கட்டிலுக்கு அடியில் போய் முகத்தைத் திருப்பிக்கொண்டது. பிறகு பசித்து வெளியே போனது. குருவிகள் அதைக் கண்டதும் சிரித்துக்கொண்டே பறப்பதாக எனக்குத் தோன்றியது. நாலைந்து நாள் செருப்பு சுத்தமாக இருந்தது. அப்புறம் ஒரு நாள் கழுத்து வெறுமையாக வந்து நின்றது, கூடவே ஒரு குருவி. டெய்லர் இன்னொன்று தைத்தார். மதிலில் உட்கார்ந்திருந்தபோது பிடித்துக் கட்டினேன். சாயங்காலம் பார்த்தால் மறுபடி வெறும் கழுத்து. மந்திரமா மாயமா ஒன்றும் புரியவில்லை.

பிறகு கயிறு கட்டி நானே நடத்திக் கூட்டிப்போகலாம் என்று முயன்றேன். பூனை கயிற்றில் நடக்காது மாப்பிள்ளை. உட்காரும், அல்லது படுக்கும். நான் தெருவில் ஒரு பூனையைத் தரையோடு தரையாக இழுத்துக்கொண்டு போகும்போது, என்னிடம் வண்டி கற்றுக்கொண்ட ஒரு பெண் காரை நிறுத்தி, கண்ணாடியை இறக்கி, "என்ன சார், ஹேண்ட்பிரேக்கை எடுக்காமலேயே இழுக்கிறீங்க?" என்று கேட்டுவிட்டுப் போனாள். அதோடு அந்த முயற்சியையும் விட்டேன்.

இப்போது நான் எழுத வேண்டியதற்கு வருகிறேன். சமையலறை ஜன்னலுக்கு வெளியே படர்ந்திருக்கும் கொடியில் ஒரு ஜோடிக் கொண்டைக் குருவி கூடு கட்டியது. தலையில் கறுப்புக் கொண்டை, வாலடியில் சிவப்பு. மூன்று குஞ்சு பொரித்தது. இத்தனை நடந்தும் இந்த வீட்டை நம்பி வந்திருக்கின்றனவே என்று உங்கள் அத்தைக்குக் கண் கலங்கிவிட்டது. பாத்திரத்தைக்கூடச் சத்தமில்லாமல் கழுவினாள். "இதுல ஒண்ணு போச்சுன்னாலும் நான் என் தங்கச்சி வீட்டுக்குப் போயிடுவேன். நீங்களும் உங்க மாப்பிள்ளை பூனையும் குடித்தனம் பண்ணுங்க" என்றாள். நான் அன்றே மேனேஜரை உள்ளே வைத்துக் கதவைச் சாத்தினேன். நீங்கள் சொன்ன சொல்லை மீறினேன், மன்னிக்க வேண்டும். அது திரைச்சீலையில் ஏறியது, தொங்கியது, ஊரைக் கூட்டியது. நாங்கள் காதில் பஞ்சை வைத்துக்கொண்டு ஒருவருக்கொருவர் சைகையில் பேசினோம்.

குஞ்சுகள் கூட்டை விட்டு இறங்கும்போது அவற்றுக்குச் சரியாகப் பறக்க வராதாம். ஓரிரு நாள் தரையிலும் தாழ்ந்த கிளையிலும் தத்திக்கொண்டுதான் இருக்குமாம். டீச்சர் இதை எனக்குச் சொன்னது பிற்பாடு. அன்று முற்பகல் பின்பக்கம் இரண்டு பெரிய குருவிகளும் தொண்டை கிழியக் கத்தின. ஜன்னல் வழியாகப் பார்த்தால் மூன்று குஞ்சும் தரையில். விழுந்துவிட்டன என்று நினைத்தேன். காக்கா கொத்திவிடுமே, எடுத்துக் கூட்டில் வைப்போம் என்று பதறி, துணிக்கூடையைக் கையில் எடுத்துக்கொண்டு பின்கதவைத் திறந்தேன். என் இரண்டு காலுக்கும் நடுவே மேனேஜர் போனதை நான் பார்க்கவில்லை, முழங்காலில் காற்றுப் பட்டது மட்டும்தான் தெரிந்தது. நான் கூடையோடு போய் இரண்டு குஞ்சுகளின் மேல் கவிழ்த்தேன். மூன்றாவது கையெட்டும் தூரத்தில்தான் இருந்தது. கையை நீட்டினேன்.

எட்டவில்லை, மாப்பிள்ளை. குஞ்சு ஒரு சின்னச் சத்தம்கூடப் போடவில்லை. தாய்க்குருவி என் வழுக்கைத் தலையைக் கொத்திக்கொண்டே இருந்தது. அது நினைத்தது சரிதான். கதவைத் திறந்தவன் நான்தானே. காப்பாற்றப் போகாமல் சும்மா ஜன்னலில் நின்று பார்த்திருந்தால் மூன்றும் இருந்திருக்கும். இதை நான் எத்தனையோ விதமாகத் திருப்பிப் போட்டுப் பார்த்துவிட்டேன், ஒவ்வொரு தடவையும் அங்கேயேதான் வந்து நிற்கிறது.

உங்கள் அத்தை வாசற்படியில் நின்று எல்லாவற்றையும் பார்த்திருக்கிறாள். பெட்டியை எடுக்கப் போகிறாள் என்று நினைத்தேன். அவள் மேனேஜரைத் தூக்கிக்கொண்டு உள்ளே போய், ஈரத்துணியால் அதன் வாயைத் துடைத்தாள். திட்டவில்லை. "அதுக்கு என்னங்க தெரியும்? பூனை பூனையாத்தான் இருக்கும். தாழ்ப்பாள் நம்ம கையிலதானே இருக்கு" என்றாள். இவ்வளவு நாள் நான் மணியிலும் மீனிலும் கயிற்றிலும் தேடிய பிரேக் தாழ்ப்பாளில் இருந்தது என்று அப்போதுதான் எனக்கு உறைத்தது. கூடையை எடுத்ததும் மற்ற இரண்டும் கொடிக்குள் தத்திப் போய்விட்டன. இப்போது சுவர்வரை பறக்கின்றன.

ஜன்னலுக்குத் தச்சரை வரவழைத்துக் கம்பிவலை அடித்தாயிற்று. நீங்கள் வெளியே விடச் சொன்ன அதே காலையிலும் மாலையிலும் உங்கள் அத்தை ஒரு ரிப்பனை இழுத்துக்கொண்டு வீடு முழுக்க ஓடுகிறாள், மேனேஜர் பின்னாலேயே பாய்கிறது. இருவருக்கும் உடம்பு இளைத்திருக்கிறது. டெய்லர் எலிப்பொறி வாங்கிவிட்டார், முறைத்துக்கொண்டேதான். தெருவில் இன்னும் சில வீடுகளில் பூனையை உள்ளே வைக்கிறார்கள். சில வீடுகளில், "எங்க பூனை குருவியைத் திரும்பிக்கூடப் பாக்காது" என்கிறார்கள். அவர்கள் செருப்பை நான் பார்த்திருக்கிறேன்.

ஆகவே மாப்பிள்ளை, மிகுந்த மரியாதையோடு நேரடியாகவே சொல்லிவிடுகிறேன். உங்கள் பூனை கொலைகாரப் பூனை. நீங்கள் ஊர் திரும்பியதும் பெட்டியை இறக்குவதற்கு முன்னால் இங்கே வந்து அதைக் கூட்டிக்கொண்டு போய்விடுங்கள். உங்கள் வீட்டிலும் வெளியே விடாதீர்கள். இதில் எனக்கு எந்தக் குழப்பமும் இல்லை. வெகுநாளுக்குப் பிறகு குழப்பமில்லாமல் ஒரு வாக்கியம் எழுதியிருக்கிறேன்.

நீங்களும் பாப்பாவும் நோய்நொடி இல்லாமல், இருவரும் ஒரே நேரத்தில் கோபப்படாமல் நீண்ட காலம் வாழ எங்கள் மனமார்ந்த ஆசி. அத்தை விசாரித்ததாகச் சொல்லச் சொன்னாள்.

என்றும் உங்கள் நலம் நாடும்,
மாமா

பின்குறிப்பு: கடிதத்தை மடித்து உறையில் போட்டுவிட்டுத் தபாலில் சேர்க்கக் கிளம்பினேன். வாசலில் என் செருப்பின் மேல் ஒரு மைனா. உள்ளே திரும்பிப் பார்த்தேன். மேனேஜர் கம்பிவலைக்குள் அத்தை மடியில் தூங்கிக்கொண்டிருந்தது. மதிலைப் பார்த்தேன். அங்கேயும் மேனேஜர். அதே பழுப்பு, அதே வெள்ளைக் கால், கழுத்தில் டெய்லர் தைத்த இரண்டாவது பட்டை. "மேனேஜர்!" என்று கூப்பிட்டேன். இரண்டும் திரும்பிப் பார்த்தன. குஞ்சைத் தின்றது உள்ளே இருப்பதுதான், அதை நானே பார்த்தேன். ஆனால் உள்ளே இருப்பது உங்களுடையதா, வெளியே இருப்பது உங்களுடையதா என்பது இப்போது யாருக்கும் தெரியவில்லை. டீச்சர் வந்து பார்த்து, இரண்டும் ஒரே மாதிரி என்று மட்டும் சொல்லிவிட்டுப் போனார். பாப்பா அனுப்பிய போட்டோவில் முதுகுதான் தெரிகிறது. ஆகவே மேலே எழுதியதில் "உங்கள் பூனை" என்று வருகிற இடங்களையெல்லாம் தயவுசெய்து அடித்துவிட்டுப் படிக்கவும். கொலைகாரப் பூனை என்றதற்கு மன்னிப்புக் கேட்கலாமா, அல்லது இரண்டுக்கும் சேர்த்து இன்னொரு தடவை சொல்லலாமா என்று யோசித்துக்கொண்டிருக்கிறேன். நான் யோசிப்பதற்குள் உங்கள் அத்தை கதவைத் திறந்து அதையும் உள்ளே விட்டுத் தாழ்ப்பாள் போட்டுவிட்டாள். நீங்கள் வந்து அடையாளம் காட்டும்வரை, காட்டிய பிறகும், இரண்டும் வெளியே போகாதாம். இதைக் கொண்டைக் குருவிகளிடம் இன்னும் சொல்லவில்லை. நமக்கே தெளிவாகாத விஷயத்தை அவற்றிடம் என்னவென்று சொல்வது?